தைவான் டாக்டர் கழற்றச் சொன்ன பொட்டு

பொன்மணி வெளி ஆள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனால் தலையைக் காட்டுவாள், பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்துவாள், பந்தி போடுகிற நேரம் பார்த்து "இன்னைக்கு எனக்கு விரதம்" என்று நழுவிவிடுவாள். அவள் சொன்ன விரதங்களை எல்லாம் உண்மையாகவே இருந்திருந்தால் எப்போதோ துரும்பாகப் போயிருப்பாள். ஆனால் ஆள் நல்ல வாட்டசாட்டம்.

காரணம் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "யாரு மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா? மருந்து வச்சுட்டா பொறவு யாருகிட்டப் போயி நிக்க?"

அவள் மருந்து என்று சொல்வது விஷத்தை அல்ல. ஆளை மயக்கிச் சொன்னபடி ஆட வைக்கும் வசிய மருந்து. சோற்றிலோ காபியிலோ கலந்து கொடுத்துவிடுவார்களாம். அப்படி மயங்கிப்போன ஒருவரையும் பொன்மணி நேரில் பார்த்ததில்லை. அதனால் அவள் நம்பிக்கை ஒன்றும் குறைந்துவிடவில்லை. கணவர் ஜெயபாண்டி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுகிற உத்தியோகம் பார்த்தவர் என்னவோ அவர்தான். வீட்டில் அந்த இலாகாவை முழுசாக மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, பேப்பரும் கையுமாக நிம்மதியாக இருந்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆண்டாள் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சந்து முனையில் அவளுடைய பேன்சி ஸ்டோர் இருக்கிறது. வளையல், ரிப்பன், கிளிப், கவரிங் செயின், ஸ்டிக்கர் பொட்டு என்று கடை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். கோயிலுக்கு வந்த பெண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தால் பொன்மணியின் கண் யார் முகத்தையும் பார்க்காது, கைகளைத்தான் பார்க்கும். சரக்கு கொண்டு வருகிற ஏஜென்டுகளைக் குறுக்கு விசாரணை செய்துதான் உள்ளே விடுவாள். இவ்வளவு உஷாரான பொம்பளை, மெரூன் ஸ்டிக்கர் பொட்டு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். மதுரையிலிருந்து ஒரு ஆள் மூட்டையில் கட்டிக்கொண்டு வருவான். அட்டையில் பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது. ஆனால் அந்தப் பொட்டின் நிறம் அவளுக்கு அப்படிப் பிடித்திருந்தது. வியர்த்தாலும் விழாது, குளித்தாலும் விழாது. அவள் நெற்றியில் எப்போதும் அதுதான்.

சின்ன மகள் மாரீஸ்வரிக்கு ராஜபாளையத்தில் வரன் அமைந்தது. பையன் இசக்கிமுத்து, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜில் லேப் வேலை பார்க்கிறான். தலை நிமிர்ந்து பேசாத பிள்ளை. அவனையும் பொன்மணி சும்மா விடவில்லை. காலேஜ் பஸ் டிரைவர் முதல் கேண்டீன்காரர் வரை விசாரித்து, குறை ஒன்றும் கிடைக்காமல் மனசில்லாமல்தான் சம்மதித்தாள். அவன் அம்மா பாலம்மாள் பஞ்சு மார்க்கெட் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறவள். சம்பந்தம் பேசப் போன அன்று பாலம்மாள் பித்தளை டம்ளரில் நுரை ததும்பக் காபி கொண்டு வந்து நீட்டினாள். பொன்மணி நெஞ்சைத் தடவிக்கொண்டு, "எனக்கு அல்சர் மதினி, காபி ஆகாது" என்றாள். ஜெயபாண்டி இரண்டு டம்ளரையும் குடித்தார். கிளம்பும்போது பொன்மணி தன் பங்குக்கு ஒரு தட்டு வைத்தாள். பழம், வெற்றிலை, வளையல், மஞ்சள், அதோடு தன் கடையிலேயே உயர்ந்தது என்று அவள் நினைத்த மெரூன் பொட்டு அட்டைகள் ஒரு கட்டு. பாலம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது.

அதற்கப்புறம்தான் நெற்றியில் அது வந்தது. முதலில் மிளகு அளவு வெளுப்பு. பொன்மணி கண்ணாடியில் பார்த்தாள், எச்சில் தொட்டுத் துடைத்தாள், போகவில்லை. அதன் மேலேயே பொட்டை ஒட்டி மறைத்துவிட்டாள். கொஞ்ச நாளில் வெளுப்பு பொட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அடுத்த அளவுப் பொட்டை எடுத்தாள். வெளுப்பும் அடுத்த அளவுக்குப் போனது. கடைக்காரி ஆனதால் அளவுக்குப் பஞ்சமில்லை. கடையில் இருப்பதிலேயே பெரிய பொட்டை ஒட்டுகிற நிலைமை வந்தபோது, "என்னக்கா, அம்மன் மாதிரி இருக்கீக" என்று வாடிக்கைக்காரிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். பொன்மணி சிரித்துவிட்டு உள்ளுக்குள் நடுங்கினாள்.

வெண்குஷ்டம் என்ற சொல்லை அவள் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அது தொற்றாது, அதனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று எத்தனை டாக்டர்கள் சொல்லியிருந்தாலும் ஊர் வாய் வேறு மாதிரித்தான் பேசும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்பார்கள். மகளுக்கு வந்தால் பேரப்பிள்ளைக்கும் வரும் என்பார்கள். பாலம்மாள் காதுக்கு எட்டினால் மாரீஸ்வரியின் கல்யாணம் அன்றோடு சரி. அதனால் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. யார் செய்வினை வைத்திருப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கினாள். எதிர்க் கடைக்காரி மேல் கொஞ்ச நாள் சந்தேகம் இருந்தது. பிறகு அது நாத்தனார் மேல் போய் நின்றது. நாத்தனார் பாவம், வ.புதுப்பட்டியில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். இது எதுவும் அவளுக்குத் தெரியாது.

இந்தக் கலவரத்துக்கு நடுவில் மூத்தவள் கல்பனாவின் பிரசவம் வந்தது. மருமகன் கௌதம்ராஜுக்குத் தைவானில் சிப் கம்பெனி வேலை. ஷின்சூ என்று ஒரு ஊர். பொன்மணி இட்லிப்பொடி, சுக்கு, பெருங்காயம், பேறுகால லேகியம் எல்லாம் கட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். பொட்டு அட்டைகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை அவள் தொடவில்லை.

பேத்தி பிறந்து, வீடு பால் வாசனையில் கிடந்த ஒரு காலையில் பொன்மணி தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். கல்பனா அறைக்குள் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். அவளோ கதவருகிலேயே நின்றாள்.

"எம்மா, நெத்தியில என்னது?"

"ஒண்ணுமில்லட்டி. சோப்பு பட்டிருக்கும்."

"சோப்பா? வட்டமாவா பட்டிருக்கு? எம்புட்டு நாளா இருக்கு இது?"

பொன்மணி ஈரத் துண்டை நெற்றியோடு இறக்கிக்கொண்டாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தாள், அழுதுவிட்டாள். "உன் தங்கச்சி கல்யாணம் முடியட்டும்ட்டி. அதுவர யாருகிட்டயும் வாயத் திறக்காத. உன் மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிராத" என்றாள். கல்பனா அதற்குச் சரி என்று சொல்லவில்லை. மறுநாளே குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, அம்மாவையும் இழுத்துக்கொண்டு தெருமுனைத் தோல் டாக்டரிடம் போனாள்.

ஒரு நூடுல்ஸ் கடையும் சலவைக் கடையும் நெருக்கிக்கொண்டிருக்க, நடுவில் அந்தக் கிளினிக் இருந்தது. பொன்மணி உள்ளே நுழைந்ததும் நாற்காலிகளைப் பார்த்தாள். இரண்டே பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கைராசியான டாக்டர் என்றால் செருப்பு விடவே இடம் இருக்காது. "கூட்டமே இல்லையேட்டி, இவரு என்னத்த டாக்டரு" என்று மகள் காதில் சொன்னாள். சுவரில் எழுதியிருந்தது எதையும் படிக்க முடியவில்லை. நர்ஸ் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று பொன்மணி யோசித்தாள். டாக்டர் சின்ன வயசுக்காரர், கண்ணுக்குக் கீழே முகம் முழுக்க மாஸ்க். முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை எப்படி நம்புவது என்பது அடுத்த கேள்வி.

கல்பனாவுக்குக் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் சீனம் வரும். டாக்டருக்கு இங்கிலீஷ் அதைவிடக் குறைச்சல். அதனால் அவர் தன் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவர் சீனத்தில் பேசினால் அது தமிழில் சொல்லும். இவர்கள் தமிழில் பேசினால் அது சீனத்தில் சொல்லும். டாக்டர் நிறுத்தி நிதானமாக வெகு நேரம் பேசினார். போன் ஒரு பெண் குரலில், "நெற்றி அலங்காரத்தைத் தயவுசெய்து அகற்றவும்" என்றது.

"அவரு இம்புட்டு நேரம் பேசுனாரு. இது ரெண்டு வார்த்தையில முடிச்சிருச்சே. மிச்சத்த எங்க?" என்றாள் பொன்மணி.

"எம்மா, பொட்ட எடுக்கச் சொல்றாரு. எடு."

"எதுக்கு எடுக்கணும்? கட்டுன புருசன் ஊருல குத்துக்கல்லாட்டம் இருக்கையில பொட்டக் கழத்தச் சொல்ற டாக்டர எங்கயாவது கண்டுருக்கியா?"

போன் இதையும் கேட்டுக்கொண்டிருந்தது. தன் கடமையைச் செய்து அதைச் சீனமாக்கிக் கொடுத்தது. டாக்டர் முகம் மாறியது. எழுந்து நின்று, தலையைக் குனிந்து, மெதுவாக ஏதோ சொன்னார். போன் சொன்னது: "உங்கள் கணவருக்கு நேர்ந்ததை அறிந்து வருந்துகிறேன்."

பொன்மணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கல்பனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜெயபாண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று டாக்டருக்குப் புரிய வைக்க அரும்பாடுபட வேண்டியிருந்தது. கடைசியில் கல்பனா தன் போனில் இருந்த அப்பா போட்டோவைக் காட்டினாள். டாக்டர் போட்டோவுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

சமாதானத்துக்கு வழி பொன்மணியின் கைப்பைக்குள் இருந்தது. குங்குமச் சிமிழை எடுத்து முதலில் வகிட்டில் நன்றாக வைத்துக்கொண்டாள். சுமங்கலி என்பதற்கு அது போதும். பிறகு, "ம், இப்ப எடுத்துக்கோ" என்று மகளிடம் நெற்றியைக் காட்டினாள். கல்பனா பொட்டை உரித்தாள். டாக்டர் சட்டென்று விளக்கை அணைத்தார்.

"ஏட்டி, லைட்ட எதுக்கு அணைக்காரு?" என்று இருட்டில் மகள் கையைப் பிடித்தாள் பொன்மணி.

ஒரு நீல விளக்கு எரிந்தது. டாக்டர் அவள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். கண்ணாடிக்குள் நெற்றி கறுத்துக் கிடந்தது, நடுவில் அந்த வட்டம் மட்டும் பளிச்சென்று எரிந்தது. அவ்வளவு பெரிசாக இருக்கும் என்று பொன்மணி நினைக்கவில்லை. அவளுக்கு மாரீஸ்வரி முகம்தான் ஞாபகம் வந்தது. கல்யாணப் புடவையை எடுத்து எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

டாக்டரோ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். உரித்த பொட்டை எடுத்து அந்த வட்டத்தின் மேல் பிடித்தார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியது. விளக்கைப் போட்டுவிட்டு, இதே மாதிரி வேறு இருக்கிறதா என்று கேட்டார். பொன்மணி தயங்கித் தயங்கி அட்டையைக் கொடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பினார், பசையைச் சுரண்டினார், முகர்ந்து பார்த்தார்.

"இதை யார் தயாரித்தார்?" என்றது போன்.

பொன்மணிக்குச் சுருக்கென்றது. ஆள் டாக்டர்தானா, இல்லை ஏதாவது ரெய்டு ஆபீஸரா? போலீஸ்காரர் பொண்டாட்டிக்கு, கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று தெரியும். "கடையில வாங்குனது" என்றாள். கல்பனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேறு யாராவது இதை அணிகிறார்களா?"

"யாரும் இல்ல" என்றாள் பொன்மணி உடனே.

டாக்டர் மறுபடி நீளமாகப் பேசினார். கல்பனா இந்தத் தடவை விடவில்லை, திருப்பித் திருப்பிக் கேட்டு முழுசாக வாங்கினாள். பொட்டின் பசையில் தோலின் நிறத்தைக் கொல்லும் ரசாயனம் ஏதோ இருக்கிறது. ஒட்டிய இடம் வெளுக்கிறது. மறைக்கப் பெரிய பொட்டு ஒட்டினால் பெரிசாக வெளுக்கிறது. இது உடம்புக்குள்ளிருந்து வந்த நோய் இல்லை, பிள்ளைகளுக்குப் போகாது. பொட்டை நிறுத்திவிட்டுக் களிம்பு தடவினால் மெல்ல நிறம் திரும்பலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

வீட்டு லிப்டில் ஏறியதும் பொன்மணி கேட்டாள். "நோய் இல்லன்னா களிம்பு எதுக்கு? நீ என்னத்தையோ மறைக்க."

"நான் எதுக்கும்மா மறைக்கப் போறேன்?"

"பேத்திய என் கையில தரமாட்டேன்னு சொல்லிருவியோ?"

கல்பனா குழந்தையை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்தாள். பொன்மணி வாங்கிக்கொண்டாள். அப்படியும் சந்தேகம் போகவில்லை. வாடிக்கைக்காரிகள் எல்லாரும் ஒட்டுகிற பொட்டு, சந்தோஷமாக ஒட்டுகிற பொட்டு, அது எப்படி இந்த வேலை செய்யும்? பாஷை தெரியாத டாக்டரும் போன் பொம்பளையும் சேர்ந்து எதையோ உளறியிருக்கிறார்கள். அதை நிரூபித்துக் காட்ட ஒரு வழியும் கண்டுபிடித்தாள். நெற்றிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு, ஜாக்கெட் கைக்குள் மறைகிற மாதிரி தோளுக்குக் கீழே ஒரு மெரூன் பொட்டை ஒட்டிக்கொண்டாள். ஒன்று கசங்கினால் அதே இடத்தில் இன்னொன்று. தைவானில் இருந்த நாள் முழுக்க ஒட்டினாள். அரித்தது. அரித்தால் என்ன, எறும்பு கடித்தாலும்தான் அரிக்கிறது என்று இருந்துவிட்டாள்.

ஊருக்கு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பொட்டை உரித்தாள். கீழே வட்டமாக வெளுத்திருந்தது.

பொன்மணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பொட்டை அவளே ஒட்டினாள், அவளே எடுத்தாள். நடுவில் நாத்தனாரும் வரவில்லை, எதிர்க் கடைக்காரியும் வரவில்லை. அந்த முகமூடி டாக்டர் சொன்னது அத்தனையும் நிஜம். நோய் இல்லை என்று ஒரு பெருமூச்சு வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் அவர் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தது. வேறு யாராவது இதை அணிகிறார்களா?

பாலம்மாள்.

அன்றைக்கே கடைக்குப் போய் மெரூன் அட்டைகளை எல்லாம் வாரிக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். ஜெயபாண்டி எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். எலி கடித்துவிட்டது என்றாள். கடைக்கு வந்த வாடிக்கைக்காரிகளிடம், அந்தப் பொட்டு சரியில்லை, ஒட்டாதீக, வீட்டில் இருந்தால் கொண்டு வந்து போடுங்க என்று சொல்லிவிட முடிந்தது. பாலம்மாளிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் தட்டில் வைத்துக் கொடுத்தது என் நெற்றியைக் கெடுத்துவிட்டது என்று அவள் நிற்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டால் தன் நெற்றியைக் காட்ட வேண்டும். காட்டினால் பசை என்று யார் நம்புவார்? சொல்லாமல் இருந்துவிடலாம். இருந்தால் இன்று ஒரு மிளகு, நாளை ஒரு கொட்டைப்பாக்கு என்று பாலம்மாளின் நெற்றி வெளுக்கும். மாரீஸ்வரி காலம் முழுக்க அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

இரண்டும் வேண்டாம் என்று பொன்மணி மூன்றாவதாக ஒரு வழி பிடித்தாள். அட்டைகளை நைசாகத் திருப்பி வாங்கிவிடுவது. குங்குமம், பால்கோவா எல்லாம் வாங்கிக்கொண்டு, நெற்றி நடுவில் அந்த வட்டம் மறைய அகலமாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, ராஜபாளையம் பஸ் ஏறினாள்.

பாலம்மாள் வாசலில் நின்று ஒரு நொடி பார்த்தாள். முன்கூட்டிச் சொல்லாமல் சம்பந்தி தனியாக வந்து நின்றால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

"வாங்க மதினி. அண்ணன் வரலையா?"

"அவிய வரல. நான் சும்மாத்தான் வந்தேன்."

சும்மா வந்தேன் என்றதும் பாலம்மாளின் முகம் இன்னும் இறுகியது. அவள் நெற்றியில் பெரிதாக ஒரு மெரூன் பொட்டு. அதையே பார்த்துக்கொண்டு பொன்மணி உட்கார்ந்தாள். பேத்தி கதை சொன்னாள், தைவான் மழையைச் சொன்னாள். பாலம்மாள் ஒவ்வொன்றுக்கும் ம் என்றாள். கண் மட்டும் பொன்மணியின் பையின் மேலேயே இருந்தது.

"ஒண்ணுமில்ல மதினி, ஜோசியரு ஒரு விசயம் சொன்னாரு" என்று பொன்மணி ஆரம்பித்தாள். "அன்னைக்குத் தட்டுல ஸ்டிக்கர் பொட்டு வச்சது தப்பாம். குங்குமந்தான் வைக்கணுமாம். அதான், அந்த அட்டைய எல்லாம் குடுத்துட்டீகன்னா நான் குங்குமத்த வச்சுருவேன்."

பாலம்மாள் எழுந்துவிட்டாள். "தட்டுல வச்சதத் திருப்பிக் கேக்கீகளா?"

"இல்ல மதினி, அது வந்து..."

"தட்டுல வச்சத எப்பத் திருப்பி வாங்குவாகன்னு எனக்குத் தெரியாதா? சம்பந்தம் வேண்டாம்னா நேராச் சொல்லுங்க. எம்மவன் மேல என்ன குறை கண்டீக? யாரு என்ன சொன்னாக?"

பொன்மணி இதை நினைக்கவே இல்லை. ஊர் வழக்கம் தெரியாதவளா அவள்? தட்டில் மாற்றியதைத் திருப்பிக் கேட்டால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். இருபது பேர் கூடி உட்கார்ந்து முறிக்க வேண்டியதை அவள் ஒரே வாயில் முறித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கல்யாணத்தைக் காப்பாற்ற இத்தனை நாள் நெற்றியை மூடிக்கொண்டு திரிந்தாளோ அதுதான் கண்முன்னால் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. இனிச் சொல்வதற்குப் பொய் எதுவும் மிச்சமில்லை.

"மதினி, மொதல்ல அந்தப் பொட்ட எடுங்க" என்றாள்.

"என்னது?"

"உங்க நெத்திப் பொட்ட எடுத்துருங்க. கையெடுத்துக் கும்புடுறேன்."

மாமியாராகப் போகிறவளைப் பார்த்துச் சம்பந்தக்காரி சொல்கிற பேச்சா இது? பாலம்மாளுக்கு முகம் சிவந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பொன்மணி முந்தானையை எடுத்துத் தன் நெற்றிக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். தைவானில் டாக்டர் கேட்டும் தன் கையால் செய்யாததை, பஞ்சு மார்க்கெட் வீட்டில், சம்பந்தி முன்னால், நடுப்பகலில் தானே செய்தாள். வெள்ளை வட்டம் வெளியே வந்தது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டின் அளவு ஏறியது, தைவான் டாக்டர், நீல விளக்கு, பசை எல்லாம் சொன்னாள். "இது நோயில்ல மதினி. எம்புள்ளைக்கு வராது. நானும் மொதல்ல நம்பல. நம்பாமத்தான் இங்கன ஒட்டிப் பாத்தேன்" என்று ஜாக்கெட் கையை ஏற்றித் தோளைக் காட்டினாள். "கல்யாணத்த நிறுத்தணும்னா நிறுத்திக்கோங்க. ஆனா அத மட்டும் ஒட்டாதீக. நான் குடுத்ததுல உங்க நெத்தி போயிருச்சுன்னா பொறவு நான் எந்த மூஞ்சியோட எம்புள்ளைய இங்க அனுப்புவேன்?"

பாலம்மாள் கிட்ட வந்தாள். தோளில் இருந்த வட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள், சுண்ணாம்பு பூசியிருக்கிறதா என்று. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நெற்றியையும் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

வெளியே வந்தவள் கையில் ஒரு பாலிதீன் பை இருந்தது. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். உள்ளே மெரூன் பொட்டு அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல் அப்படியே. அவற்றின் மேல் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம் ஒன்று, பக்கத்தில் ஒரு கை கல்லுப்பு.

"இது நான் டவுன்ல வாங்குன பொட்டு" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள் பாலம்மாள். "நீங்க குடுத்தத நான் தொடவே இல்ல."

பொன்மணி பையையும் எலுமிச்சம்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நெஞ்சில் இருந்த பாரம் மொத்தமும் இறங்கியது. இறங்கிய கையோடு கோபம் ஏறியது.

"வசியம் வச்சிருப்பேன்னு நெனச்சீகளா மதினி? என்னையவா?"

"ஆமா" என்றாள் பாலம்மாள், கொஞ்சமும் கூச்சப்படாமல். "அன்னைக்கு நீங்க எங்க வீட்டுக் காபியத் தொடல. அல்சர்னு சொன்னீக. வாசல் தாண்டுனதும் முக்குக் கடையில நின்னு நீங்க காபி குடிச்சத மாடியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க கை மேல நம்பிக்க இல்லாதவக குடுத்தத நான் எப்படி நெத்தியில ஒட்டுவேன்?"

ஆமாம், பொன்மணி குடித்தாள். வாசலைத் தாண்டியதும் தலைவலி தாங்காமல் முக்குக் கடையில் நின்று குடித்தாள். அந்தக் காபியை அன்று இந்த வீட்டிலேயே குடித்திருந்தால் பாலம்மாள் நம்பிப் பொட்டை ஒட்டியிருப்பாள், இந்நேரம் அவள் நெற்றியும் வெளுத்திருக்கும். இதற்குச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று பொன்மணிக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. கண்ணில் தண்ணீரும் வந்தது.

பாலம்மாள் பொன்மணி கொண்டு வந்த பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். விரலில் கொஞ்சம் எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பழக்கம் லேசில் போகாது. அப்புறம் குனிந்து அதைப் பொன்மணியின் நெற்றியில், வெளுத்த இடம் மறையாமல், அதற்கு மேலே வைத்துவிட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படியே வச்சுக்கோங்க" என்றாள். "கேக்கிறவகளுக்கு நான் சொல்லிக்கிறேன். ஆனா இங்க ஒரு தோல் டாக்டரு இருக்காரு, அவருகிட்டயும் ஒருக்கக் காட்டிருவோம். தமிழ்ல சொல்லட்டும், நானும் கூட வாரேன்."

"சரி மதினி" என்றாள் பொன்மணி. அவள் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள்.

"செத்த இருங்க" என்று பாலம்மாள் அடுப்படிக்குப் போனாள். பித்தளை டம்ளரில் நுரை ததும்பக் காபி வந்தது. முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

பொன்மணி டம்ளரைப் பார்த்தாள். நுரை அடங்கும் வரை பார்த்தாள். பிறகு எடுத்து, நடுவில் ஒரு தடவைகூடக் கீழே வைக்காமல், முழுசாகக் குடித்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.